ஒரே பேரு, அஞ்சு விதமான காலேஜு: சாய்ஸ் போடுறதுக்கு முன்னாடி கேட்டைத் தொறந்து காட்டுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் உசிலம்பட்டியில ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் நடத்துறேன். ரெண்டு கம்ப்யூட்டரு, ஒரு பிரிண்டரு, ஒரு ஜெராக்ஸ் மிஷினு, அவ்வளவுதான் கடை. வருஷம் பூரா ஆதார் திருத்தம், பட்டா, வருமானச் சான்றிதழ்னு போகும், ஆனா பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள்ல இருந்து ஆகஸ்டு முடியுற வரைக்கும் கடையில நிக்க இடம் இருக்காது, அத்தனையும் காலேஜ் அப்ளிகேஷன். இந்த வருஷம் என் மகளும் அந்த வரிசையில இருக்கா. அதனால இத்தனை வருஷமா அடுத்தவங்க பிள்ளைகளுக்கு டைப் அடிச்சுக் கொடுத்தப்ப மனசுல கிடந்த ஒரு விஷயம், இப்ப என் வீட்டு விஷயமாவே ஆகிருச்சு, அதைத்தான் உங்க பத்திரிகைக்கு எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

கடைக்கு வர்ற அப்பா அம்மா பத்துப் பேர்ல எட்டுப் பேரு சொல்றது ஒரே வாக்கியம்தான். "பிள்ளைக்கு அண்ணா யுனிவர்சிட்டியில போட்டு விடும்மா." எந்த அண்ணா யுனிவர்சிட்டிண்ணேன்னு கேட்டா முழிப்பாங்க. அவங்க மேல தப்பே இல்ல, அந்த ஒரு பேருக்குள்ள அஞ்சு விதமான காலேஜ் இருக்குங்கிறதை அவங்களுக்கு யாரும் சொன்னது கிடையாது. பள்ளிக்கூடத்துலயும் சொல்றதில்ல, தெருவுல ஒட்டுற போஸ்டர்ல சொல்லவே மாட்டாங்க.

மொத விதம், யுனிவர்சிட்டி தானே நேரா நடத்துற வளாகம். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், ஏசி டெக்னு சொல்ற அழகப்பா டெக்னாலஜி காலேஜ், ஆர்க்கிடெக்சர் பள்ளி, குரோம்பேட்டை எம்ஐடி, 1978ல இதையெல்லாம் ஒண்ணா சேர்த்துத்தான் யுனிவர்சிட்டியே ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது, யுனிவர்சிட்டியே வெளியூர்கள்ல நடத்துற மண்டல வளாகமும் உறுப்புக் கல்லூரிகளும். நம்ம மதுரையில கீழக்குயில்குடிப் பக்கம் சமணர் மலைக்குக் கிட்ட இருக்கே, அது இந்த வகை. 2010ல மதுரைக்குன்னு தனியா ஒரு அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போட்டு அப்புறம் 2012ல திரும்பவும் சென்னையோட சேர்த்துட்டாங்க, அந்தக் குழப்பத்துல இது என்ன காலேஜுன்னு மதுரைக்காரங்களுக்கே பாதிப் பேருக்குத் தெரியாம போச்சு. மூணாவது, அரசு இன்ஜினியரிங் காலேஜ். காரைக்குடி, போடி, திருநெல்வேலி எல்லாம் அதுல வரும். நாலாவது அரசு உதவி பெறுறது, நம்ம திருப்பரங்குன்றத்துல இருக்குற தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் மாதிரி, 1957ல இருந்து இருக்கு. அங்கயும் உதவி பெறுற கோர்ஸ் தனி, சுயநிதி கோர்ஸ் தனி, பீஸ் வேற வேற, அதைப் பார்த்துத்தான் சாய்ஸ் போடணும், அதாவது கவுன்சிலிங்ல எந்த காலேஜ், எந்தக் கோர்ஸ் வேணும்னு வரிசையா குறிக்கணும். அஞ்சாவது சுயநிதித் தனியார் காலேஜுக. எல்லாத்தையும் சேர்த்தா 400க்கும் மேல காலேஜ் அந்த ஒரு யுனிவர்சிட்டியில இணைஞ்சு கிடக்கு. கடைசியில கையில வாங்குற டிகிரி சர்டிபிகேட்ல எல்லாருக்கும் அண்ணா யுனிவர்சிட்டின்னுதான் அடிச்சிருக்கும். அதை வச்சுத்தான் காலேஜுக்கு ஆள் பிடிக்கிறவங்க பேச்சை ஓட்டுறாங்க.

2024ல மத்திய அரசு தர வரிசையில மாநில அரசு பல்கலைக்கழகங்களுக்குன்னு தனி லிஸ்ட் போட்டாங்க, அதுல அண்ணா யுனிவர்சிட்டிக்கு முதலிடம். சந்தோஷம்தான், நம்ம ஊரு யுனிவர்சிட்டி. ஆனா அந்த ரேங்க்கு யுனிவர்சிட்டியோட சொந்த வளாகத்துக்கு, அது கூட இணைஞ்சிருக்குற ஒவ்வொரு காலேஜுக்கும் கிடையாது. அந்தச் செய்தி வந்த பேப்பரை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்து, இந்த காலேஜ் இந்தியாவுலயே நம்பர் ஒன்னாமேம்மான்னு ஒரு தனியார் காலேஜ் பேரைச் சொல்லி ஒரு அப்பா கேட்டாரு. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, ஏன்னா பக்கத்துலயே அவரைக் கூட்டிட்டு வந்த ஆளு நிக்கிறாரு.

அந்தக் கூட்டிட்டு வர்ற ஏஜெண்ட் ஆளுகளைப் பத்தி சொல்லியே ஆகணும். மே மாசம் ஆனா டீக்கடை வாசல்ல உக்காந்துருவாங்க. ஒரு துண்டுச் சீட்டுல மூணு காலேஜோட கோடு நம்பர் எழுதி, இதை மட்டும் போடுங்க, வேற எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்கன்னு கொடுத்து விடுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அண்ணன் அப்படித்தான் சீட்டோட வந்தாரு, செங்கல் சூளையில வேலை, மகன் உதவி பெறுற ஸ்கூல்ல படிச்சவன், கட்ஆஃப் மார்க் 200க்கு 151. நான் கேட்டேன், அண்ணே இன்னும் நாலு காலேஜ் சேர்த்துப் போடுவோமா, எத்தனை வேணா போடலாம், அதுக்குக் காசு கிடையாதுன்னு. இல்லத்தா, அந்தத் தம்பி மூணு போதும்னு சொல்லிருக்கு, நமக்கு என்ன தெரியும்னாரு. நான் அதையே டைப் அடிச்சு ஓடிபி போட்டு லாக் பண்ணிக் கொடுத்தேன். மொத சாய்ஸே கிடைச்சுருச்சு. அவருக்கு அவ்வளவு சந்தோஷம், கடையில இருந்த எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தாரு.

அப்புறம் ஆறு மாசம் கழிச்சு எஜுகேஷன் லோன் பேப்பர் ஜெராக்ஸ் எடுக்க வந்தாரு. கவுன்சிலிங்ல சொன்ன பீஸ் ஒண்ணு, பஸ் பீஸு, டிரெயினிங் பீஸு, யூனிபார்ம், லேப்டாப்புன்னு கேக்குறது ஒண்ணு, பொண்டாட்டி தோடு அடகுல இருக்குன்னாரு. அன்னைக்கு ராத்திரி கடையை மூடிட்டு எந்த காலேஜுல எத்தனை மார்க் வரைக்கும் சீட்டு கிடைச்சுதுங்கிற அந்த வருஷத்து கட்ஆஃப் லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். போடி அரசு காலேஜுல அந்தப் பையன் கேட்டகிரியில சிவில் 151க்கு கிடைச்சிருக்கும். இங்க உசிலம்பட்டி ஸ்டேஷன்ல ஏறுனா போடியில இறங்கலாம், அகல ரயில் பாதை 2023 ஜூன்ல போடி வரைக்கும் வந்துருச்சு. காலையில பேசஞ்சர்ல போயி சாயங்காலம் அதுலயே திரும்புற தூரம். அந்த காலேஜ் பேரே அவங்க லிஸ்ட்ல இல்ல. எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல. என் கையாலதான அடிச்சேன்.

சாய்ஸ் ஃபில்லிங் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாததுதான் இதுல பெரிய சிக்கல், அதைக் கொஞ்சம் விளக்கமா எழுதிடுறேன், நிறைய பேரு படிப்பாங்கல்ல. கட்ஆஃப்ங்கிறது 200க்கு. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதை வச்சு ரேங்க் லிஸ்ட் வரும், பொதுப்பிரிவை மூணு ரவுண்டா பிரிச்சு நடத்துவாங்க. நம்ம ரவுண்டு வந்ததும் சாய்ஸ் போட மூணு நாள்தான் இருக்கும். கம்ப்யூட்டரு நம்ம லிஸ்டை மேல இருந்து கீழ படிச்சுக்கிட்டே வரும், எந்த வரியில நமக்கு இடம் இருக்கோ அதைக் கொடுத்துட்டு நின்னுரும். அதுக்குக் கீழ தங்கமே எழுதியிருந்தாலும் படிக்காது. அதனால, கிடைக்குமா கிடைக்காதான்னு யோசிச்சு வரிசை போடக் கூடாது, எது வேணுமோ அதை மேல வைக்கணும். 151 கட்ஆஃப் வச்சுக்கிட்டு கிண்டியை மொத வரியில போட்டா ஒரு நஷ்டமும் இல்ல, கிடைக்கலைன்னா அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். ஆனா சும்மா கிடக்கட்டும்னு ஒரு வேண்டாத காலேஜை மேல வச்சுட்டா அதுவே தலையெழுத்தா ஆயிரும். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு, இதையே ஏத்துக்கிறேன், இதை ஏத்துக்கிட்டு மேல இருக்குற வரிக்கும் காத்திருக்கிறேன், அப்படின்னு சில ஆப்ஷன் வரும், அதுல ரெண்டு நாளைக்குள்ள ஒண்ணை அழுத்தணும். அழுத்தாம விட்டா சீட்டு போச்சு. கட்டட வேலைக்கு திருப்பூர் போயிருந்த ஒரு அப்பா போன்லதான் அந்த ஓடிபி வரணும், அவரு சாரத்து மேல நின்னதால போனை எடுக்கல, இங்க பிள்ளை கடையில உக்காந்து அழுகுது. கடைசியில மேஸ்திரி போனுக்கு அடிச்சு ஓடிபி வாங்கினோம்.

2018க்கு முன்னாடி இதெல்லாம் நேர்லதான். பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி, விடிஞ்சதும் கிண்டியில போயி உக்காந்து, பெரிய ஸ்க்ரீன்ல எந்த காலேஜுல எத்தனை சீட்டு மிச்சம்னு ஓடுறதைப் பார்த்துக்கிட்டே சில நிமிஷத்துல முடிவு எடுத்துட்டு வருவாங்க. அந்த அலைச்சல் இப்ப இல்ல, அது நல்லதுதான். ஆனா அப்ப அங்க போனதால பத்து ஊரு ஆளுகளோட பேசுவாங்க, கிண்டி கட்டடத்தையாவது கண்ணால பார்ப்பாங்க. இப்ப என் கடையில உக்காந்து, பார்க்காத காலேஜுக்கு நம்பர் அடிச்சுட்டுப் போறாங்க. ஒரு மாடு வாங்குறதா இருந்தா சந்தைக்குப் போயி பல்லைப் பிடிச்சுப் பார்த்து, சுழி பார்த்து, நடக்க விட்டுப் பார்த்து வாங்குற ஊரு எங்க ஊரு. பிள்ளையோட நாலு வருஷத்துக்கு ஒரு தடவை போயிப் பார்க்கக் கூடாதாங்க?

அதனால இந்த வருஷம் என் மகளுக்கு நான் ஒரே ஒரு விஷயம்தான் செஞ்சேன், கூட்டிட்டுப் போயி காட்டுனேன். அவ ஆறாவதுல இருந்து அரசு பெண்கள் பள்ளியில படிச்சவ, ஃபர்ஸ்ட் குரூப், கட்ஆஃப் 172. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்ச பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, 2020ல மருத்துவத்துக்கு வந்துச்சு, 2021ல இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாத்துக்கும் கொண்டு வந்தாங்க. அந்த ஒதுக்கீட்டுல சேர்ந்தா படிப்பு பீஸ், ஹாஸ்டல் பீஸ் எல்லாம் அரசாங்கமே கட்டுது. பொம்பளப்பிள்ளைன்னா அரசாங்கத்தோட புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா பணமும் வரும். இதுல உதவி பெறுற ஸ்கூல் பிள்ளைகளுக்கு 7.5 கிடையாது, அதை நிறைய பேரு கடைசி நாள்ல தெரிஞ்சுக்கிட்டு ஏமாந்து போறாங்க, அதையும் இங்க குறிச்சுக்கிறேன்.

வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு லோடு வண்டி ஓட்டுறாரு, அவருக்கு மகள் விவசாயப் படிப்பு படிக்கணும்னு ஆசை, ஒத்தக்கடையில ஆனைமலை அடிவாரத்துல இருக்குற விவசாயக் கல்லூரியை தினமும் பார்த்துக்கிட்டே போறாருல்ல. 1965ல இருந்து இருக்குற காலேஜ், டிகிரி கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கொடுக்குறது. அதுக்கு அப்ளிகேஷனும் கவுன்சிலிங்கும் தனி, இன்ஜினியரிங்கோட சேராது. என் நாத்தனார், பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு வெளியூரு, நாகமலை தாண்டி பல்கலை நகர்ல காமராசர் யுனிவர்சிட்டி இருக்கு, அதுல இணைஞ்ச காலேஜ் மதுரையில எத்தனை இருக்கு, மீனாட்சி அரசு காலேஜுல பி.எஸ்சி போடு, வீட்டுல இருந்தே போயிட்டு வரட்டும்னாங்க. அதுவும் கெட்ட யோசனை இல்ல, அரசு கலைக் கல்லூரிக்கு அப்ளிகேஷன் 50 ரூபாதான், நானே எத்தனையோ பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துருக்கேன், அங்க படிச்ச பிள்ளைக இன்னைக்கு டீச்சரா, குரூப் போர் பாஸ் பண்ணி விஏஓவா இருக்குதுக. மாமியார் மட்டும், எங்க வேணா படி, சாயங்காலம் போன் போட்டுரு கண்ணுன்னாங்க.

சரி, ஒவ்வொண்ணா போயிப் பார்த்துருவோம்னு நானும் மகளும் கிளம்பிட்டோம். கடையை ரெண்டு நாள் தங்கச்சி பார்த்துக்கிட்டா.

மொதல்ல போன ஒரு காலேஜுல (பேரு வேணாம், அரசாங்க காலேஜுதான்) கேட்லயே நிறுத்திட்டாங்க. அட்மிஷன் ஆன பிறகு வாங்க, இப்ப விடக் கூடாதுன்னு ஆர்டருன்னு வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு, அவரு வேலை அது. வெயில்ல முக்கால் மணி நேரம் நின்னு, கம்பி வழியா அங்கிட்டுத் தெரியுற கட்டடத்தையும் ரெண்டு வேப்ப மரத்தையும் பார்த்துட்டு திரும்பினோம். என் மகள் பஸ்ல ஒரு வார்த்தை பேசல. ஆனா அதே வாரம் ஒரு தனியார் காலேஜுக்காரங்க எங்க தெருவுக்கே வேன் அனுப்பி, மத்தியான சாப்பாடு போட்டு, லேபு, ஹாஸ்டல், நீச்சல் குளம்னு சுத்திக் காட்டிக் கொண்டு வந்து விட்டாங்க. எங்க தெருவுல மூணு பிள்ளைக அந்த ஒரு நாள்லயே மனசு மாறிருச்சுக. யாரைக் குத்தம் சொல்றது, காட்டுனவங்க கிட்டத்தான பிள்ளை போகும்?

ரெண்டாவது நாள் காரைக்குடி போனோம். மாட்டுத்தாவணியில பஸ் ஏறி மேலூர், திருப்பத்தூர் வழியா. எனக்கு அங்க போற வரைக்கும் ஒரு குழப்பம் இருந்துச்சு, அழகப்பா யுனிவர்சிட்டியும் அழகப்ப செட்டியார் அரசு இன்ஜினியரிங் காலேஜும் ஒண்ணுதான்னு நினைச்சிருந்தேன், ஒரே வள்ளல் பேரு, ஒரே ஊரு. ரெண்டும் வேற வேற. யுனிவர்சிட்டி 1985ல வந்தது. இன்ஜினியரிங் காலேஜ் அதுக்கு ரொம்ப முன்னாடி 1952ல வள்ளல் ஆரம்பிச்சது, இன்னைக்கு அது அரசு காலேஜு, இணைப்பு அண்ணா யுனிவர்சிட்டியோட, அதுலயும் அட்டானமஸ். அப்படின்னா பரீட்சை பேப்பர் அவங்களே போடுவாங்க, டிகிரி அண்ணா யுனிவர்சிட்டி கொடுக்கும். கடைக்காரி எனக்கே இது இவ்வளவு நாள் தெரியலைன்னா மத்தவங்களைச் சொல்லி என்ன.

அங்க ஆபீஸ்ல கேட்டதும், சரி வாங்கன்னு ஒரு லேப் அண்ணனைக் கூட அனுப்பி வச்சாங்க. எலக்ட்ரிகல் லேபுக்குக் கூட்டிட்டுப் போனாரு. பழைய கட்டடம், உயரமான கூரை, கிரீஸ் வாசமும் பழைய கம்பி வாசமும் கலந்து அடிக்குது. ஒரு மேஜை மேல ஒரு மோட்டாரைப் பாதியா வெட்டி வச்சிருந்தாங்க, உள்ள இருக்குற காயில், ரோட்டர், பேரிங் எல்லாம் அப்படியே தெரியுது, ஒவ்வொண்ணுக்கும் சிகப்பு, பச்சைன்னு பெயிண்ட் அடிச்சு. என் மகள் அது பக்கத்துல போயி நின்னவ நகரவே இல்ல. எங்க மாமனாருக்கு ஒண்ணரை ஏக்கர் இருக்கு, 58 கிராமக் கால்வாயில தண்ணி வந்தாத்தான் வயலு, இல்லைன்னா போருதான். வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போர் மோட்டாரு காயில் கருகிப் போயி, தாத்தாவோட டிவிஎஸ்ல பின்னாடி உக்காந்து வைண்டிங் கடைக்கு அவதான் தூக்கிட்டுப் போவா. அந்தக் கருகுன காயிலோட நாத்தம் அவளுக்கு நல்லாத் தெரியும். அவ அந்த லேப் அண்ணன்கிட்ட கேக்குறா, அண்ணே எங்க தாத்தா மோட்டாரு ராத்திரி மூணு பேஸ் கரண்ட் விடுறப்பதான் கருகுது, பகல்ல ஓடுனா ஒண்ணும் ஆகல, அது ஏன்? அவரு சிரிச்சுக்கிட்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, ஒரு பேஸ் விட்டுப் போனா மத்த ரெண்டு பேஸ்ல கரண்ட் எப்படி ஏறும், காயில் எப்படி சூடாகும், அதைத் தடுக்குற பிரிவென்டர் எதுக்குப் போடுறாங்கன்னு சாக்பீஸால தரையிலயே வரைஞ்சு காட்டுனாரு. இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது நிமிஷத்துல என் மகளுக்கு முடிவு கிடைச்சுருச்சுங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் அவளும் எல்லாரையும் மாதிரி கம்ப்யூட்டர் சயின்ஸ், சென்னைன்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தா.

அதுக்கப்புறம் லேடீஸ் ஹாஸ்டல் பக்கம் ரெண்டு மூணு சீனியர் பிள்ளைககிட்ட பேசுனோம். ஒண்ணு கமுதிப் பக்கம், ஒண்ணு அறந்தாங்கி. சாப்பாடு எப்படி, தண்ணி வருதா, ராத்திரி எத்தனை மணிக்கு கேட் மூடுவாங்க, உடம்பு சரியில்லைன்னா யாரு பார்ப்பா, கேம்பஸ்ல கம்பெனி எத்தனை வருது, எலக்ட்ரிகல் பிள்ளைகளை எலக்ட்ரிகல் வேலைக்கே எடுக்குறாங்களா இல்ல எல்லாரையும் சாஃப்ட்வேருக்கே தள்ளி விடுறாங்களா, எல்லாத்தையும் கேட்டேன். நல்லதையும் சொன்னாங்க, குறையையும் சொன்னாங்க, மறைக்கல. ஃப்ளெக்ஸ் போர்டுல நூறு சதவீதம்னு போட்டிருக்குறதை விட அந்தப் பிள்ளைக சொன்ன, பாதிக்கு மேல கிடைக்கும்க்கா, நாமளும் படிக்கணும்லங்கிற பேச்சு எனக்கு நம்பிக்கையா இருந்துச்சு. திரும்பி வர்றப்ப அந்த ரோட்டுலயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைக் காட்டுனேன். அதுக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அந்தக் காலத்துலயே அழகப்பர் கொடுத்தாருன்னு சொன்னேன். பேட்டரி எல்லாம் ஆராய்ச்சி பண்ற இடம்னு சொன்னதும் பஸ்ல இருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கிட்டே வந்தா.

ஒத்தக்கடைக்கும் போனோம், அவங்க அப்பா ஆசைக்காக. நல்ல காலேஜ், ஆனைமலை நிழல்ல, வயலோட. அவளுக்குப் பிடிச்சுது. ஆனா அப்பாகிட்ட அவளே சொல்லிட்டா, எனக்கு மோட்டாருப்பான்னு. அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு, அப்புறம், சரி, தாத்தா மோட்டாருக்கு இனி வைண்டிங் செலவு மிச்சம்னு சொல்லிட்டு சாப்பிட உக்காந்துட்டாரு.

நான் சொல்ல வர்றது இதுதாங்க ஐயா. அரசாங்க காலேஜுக நல்லா இல்லைன்னு பிள்ளைக அங்கிட்டுப் போகாம இல்ல, அதை யாரும் காட்டாததாலதான் போகல. ஒரு வேன் வச்சு சோறு போட்டுக் காட்டுற காலேஜுக்கு முன்னாடி, கேட்டை மூடி வச்சிருக்குற காலேஜ் எப்படி நிக்கும்? அரசாங்க காலேஜுக்கு விளம்பரம் பண்ண காசு இருக்காது, புரியுது. ஆனா கேட்டைத் தொறக்க காசு வேணாமே. பிளஸ் டூ ரிசல்ட் மே மாசமே வந்துருது, சாய்ஸ் ஃபில்லிங் ஜூலையிலதான். நடுவுல ஜூன்ல ஒரே ஒரு சனிக்கிழமை, மதுரை மண்டல வளாகம், காரைக்குடி, போடி, திருநெல்வேலி, ஒத்தக்கடை விவசாயக் கல்லூரி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, காமராசர் யுனிவர்சிட்டி வளாகம், எல்லாத்தையும் அப்பா அம்மா பிள்ளைகளுக்குத் தொறந்து விடுங்க. சாப்பாடு வேணாம், நாங்க புளிசாதம் கட்டிக்கிட்டு வந்துருவோம். லேபைக் காட்டுங்க, ஹாஸ்டலைக் காட்டுங்க, சீனியர் பிள்ளைக பத்துப் பேரைப் பேச விடுங்க. கூடவே ஒரே ஒரு பக்கத்துல, தமிழ்ல, இது எந்த வகை காலேஜ், பீஸ் எவ்வளவு, மெஸ் செலவு மாசம் எவ்வளவு, போன வருஷம் எந்தக் கோர்ஸ் எந்தக் கேட்டகிரியில எத்தனை கட்ஆஃப்ல முடிஞ்சுது, எங்க இருந்து என்ன பஸ்னு அடிச்சுக் கொடுங்க. கட்ஆஃப் விவரம் எல்லாம் கவுன்சிலிங் வெப்சைட்ல இருக்குதான், ஆனா செங்கல் சூளைக்குப் போற அண்ணன் அதைத் தேடிப் பார்க்க மாட்டாரு, அவரு கையில இருக்குறது அந்த ஏஜெண்ட் கொடுத்த துண்டுச் சீட்டுதான்.

இன்னொன்னும் கேட்டுக்கிறேன். சில பல்கலைக்கழகங்கள்ல துணைவேந்தர் இடம் மாசக் கணக்கா காலியா கிடக்கு, வாத்தியார்களுக்கு சம்பளம் தள்ளிப் போகுதுன்னு உங்க பேப்பர்லயே படிக்கிறோம். அதைப் படிச்ச அப்பா அம்மா பிள்ளையை அங்க அனுப்பப் பயப்படத்தான் செய்வாங்க. அந்தப் பயமும் பிள்ளைகளை வெளிய தள்ளுது, அதைச் சீக்கிரம் சரி பண்ணிக் கொடுங்க.

என் மகள் ஒரு லாங் சைஸ் நோட்டுல சாய்ஸை அவளே எழுதி வச்சிருக்கா. மொத்தம் 23 வரி. கிண்டி எலக்ட்ரிகல் மொத வரி, கிடைக்காதுன்னு தெரிஞ்சும் வச்சிருக்கா, வைக்கட்டும். மூணாவது வரி காரைக்குடி எலக்ட்ரிகல். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல பார்த்தது, பார்க்கலன்னு பென்சில்ல குறிச்சிருக்கா. பார்க்கலன்னு 14 இருக்கு. அடுத்த வருஷம் என் கடைக்கு வர்ற பிள்ளைக நோட்டுல அந்தக் கணக்கு குறையணும்.

தேதி மட்டும் சொல்லுங்க ஐயா. போஸ்டரை நானே பிரிண்ட் எடுத்து உசிலம்பட்டியில இருந்து செக்கானூரணி வரைக்கும் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்லயும் ஒட்டுறேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு தாய்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.